கோட்டைக்குள் ஒரு பிற்பகல்: இருக்கையின் வரலாறு

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயற்குழுவினர் பணித்தனர். வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் இளைஞர்களுக்கு நினைவில் எழுவன அரசர் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே. தேர்வு முடிந்த மறுநாளே அவை மறந்துபோகின்றன. அவற்றில் நம்மவர் இல்லாமையே அம்மறதிக்குக் காரணம் என்பது முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் கண்டறிந்த உண்மை. ஆகவே, அரசர் வரிசையை விடுத்து, சங்கத்தின் மாலை நேரப் படிப்பகத்து மாணவ மாணவியர் பதினால்வருடன் திருச்சிராப்பள்ளியில் நாம் நடந்து கழித்த ஒரு பிற்பகலைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சனிக்கிழமை காலை வையம்பட்டியில் பேருந்து ஏறி, மணப்பாறை வழியாகத் திருச்சி சேர்ந்தோம். வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றை உண்டு முடித்துப் புறப்படும்போது வெயில் சற்றே சாய்ந்திருந்தது. எம்முடன் வந்தோரில் பலர் இந்நகருக்குப் பலமுறை வந்தவர்களே. ஆனால் துணி எடுக்கவும், மருத்துவமனைக்கும், சான்றிதழ் வாங்கவும் வந்தவர்கள். நகரைப் பார்ப்பதற்கென்றே வந்தது அன்றுதான்.

தர்காவிலிருந்து கோட்டை வரை

மதுரைச் சாலையில் இறங்கி முதலில் நத்தர்வலி தர்காவுக்குச் சென்றோம். தென்னாட்டின் மிகப் பழைய இசுலாமியத் திருத்தலங்களுள் இது ஒன்று. எல்லாச் சமயத்தாரும் வந்து வணங்கிச் செல்லும் இடம். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாசா இங்கேதான் அடக்கம் செய்யப்பெற்றிருக்கிறார். அவருடன் நவாபு பதவிக்குப் போட்டியிட்டு 1752-ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட சந்தா சாகிபின் அடக்கமும் இதே வளாகத்தில் உள்ளது. பதவிக்காகப் படை திரட்டி மோதிய இருவரும் இன்று ஒரே கூரையின் நிழலில் உறங்குகின்றனர்.

அவ்விருவரின் போட்டியை மாணவர்களுக்குச் சற்று விரித்துரைத்தோம். அப்போட்டியின் விளைவே நாம் பின்னர்ப் பார்க்கவிருந்த கோட்டைக் கோயில். முகமது அலிக்கு ஆங்கிலேயக் கும்பினி துணை நின்றது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றனர். 1751, 1752-ஆம் ஆண்டுகளில் திருச்சிக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. முற்றுகை முறிந்து முகமது அலியின் பக்கம் வென்றது. அதன்பின் ஆங்கிலப் படை இக்கோட்டையில் நிலையாகத் தங்கிவிட்டது. படை தங்கியதால் படைவீரர்க்கென வழிபாட்டிடம் தேவைப்பட்டது. படையை அண்டிச் சமையற்காரர், குதிரைக்காரர், சுமை தூக்குவோர், சிப்பாய்கள் எனப் பலதரப்பட்ட மக்கள் குடியேறினர். கும்பினிப் படையிலும் அதன் பணியிலும் பறையர் குல மக்கள் கணிசமாக இருந்தனர் என்பது வரலாறு ஒப்புக்கொண்ட செய்தி. அரசர்களின் போர் என்று நாம் படிக்கும் பாடத்திற்குள்ளும் நம் முன்னோரின் கைகள் இருந்தன என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

தர்காவிலிருந்து காந்தி சந்தையைக் கடந்து பெரிய கடை வீதிக்குள் நுழைந்தோம். வெங்காய மூட்டைகளின் நெடியும், மஞ்சள், மிளகாய் வற்றல் மணமும், இரும்புக் கடைகளின் ஓசையும் ஒன்றாய்க் கலந்த வீதி அது. நாற்பது அடி தூரத்திற்குள் தமிழ், உருது, சௌராட்டிரம், தெலுங்கு, மார்வாடி வணிகரின் மொழி என ஐந்து மொழிகள் எம் காதில் விழுந்தன. நெசவுக்கு வந்தோர், வட்டித் தொழிலுக்கு வந்தோர், படையுடன் வந்தோர், பஞ்சத்தில் வந்தோர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தால் வந்து ஒரே வீதியில் கடை விரித்திருக்கின்றனர். தலைக்கு மேலே மலைக்கோட்டை எழுந்து நிற்கிறது. அதன் மேற்குடைவரையை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்.

தெருவில் நடக்கும் உரிமை

சின்னக் கடை வீதியின் திருப்பத்தில் இளநீர் குடிக்க நின்றோம். கல்லூரி முதலாண்டு படிக்கும் மாணவர் ஒருவர், "ஐயா, நாம் கடை வீதியைத்தானே சுற்றுகிறோம், இதில் வரலாறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு இவ்வாறு விடை கூறினோம்.

"தம்பி, இப்போது நீங்கள் நடந்து வந்தீர்களே, அந்த நடையே ஒரு வரலாறு. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சந்தை, பொது அலுவலகம் ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்துவதை எவரும் தடுத்தலாகாது எனச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் 1924-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. அரசும் அதனை ஆணையாக வெளியிட்டது. தெருவில் நடப்பதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் காலத்தில் நடந்தது. மிகப் பழைய காலம் அன்று."

அம்மாணவர் மறுமொழி கூறவில்லை. இளநீர்க் கூட்டை ஓரமாக வைத்துவிட்டு வீதியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மலைமேல் உள்ள கோயிலைச் சுட்டி, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதையர் முன்னின்று நம் மக்களை அழைத்துச் சென்றது 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் என்பதையும், சென்னை மாகாணக் கோயில்கள் யாவும் எல்லோர்க்கும் திறக்கச் சட்டம் வந்தது 1947-இல் என்பதையும் சொன்னோம். தெரு 1924, கோயில் 1947, தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950. இம்மூன்று ஆண்டுகளையும் மாணவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

தெப்பக்குளமும் கோட்டைக் கோயிலும்

தெப்பக்குளத்தை அடைந்தபோது மணி மூன்றரை. குளத்தைச் சுற்றிக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. நீரின் நடுவே மண்டபம். குளத்தங்கரையில் இராபர்ட் கிளைவு தங்கியதாகச் சொல்லப்படும் வீடும் உள்ளது. அருகே பிஷப் ஹீபர் பள்ளி. அதனையொட்டிய பகுதியில்தான் நாம் தேடிவந்த கிறிஸ்து நாதர் ஆலயம் அமைந்துள்ளது. மக்கள் இதனைச் சுவார்ட்சு கோயில் என்றே வழங்குவர். அருகிலுள்ள புனித சூசையப்பர் கல்லூரியையும் வானளாவும் லூர்து அன்னை ஆலயத்தையும் அறிந்தவர்களுக்குக்கூட இச்சிறு கோயில் எளிதில் கண்ணில் படாது. ஆனால் வயதில் இதுவே மூத்தது. 1766-ஆம் ஆண்டில் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது.

இதனை எழுப்பிய கிறிஸ்தியான் பிரீட்ரிக் சுவார்ட்சு 1726-இல் செருமனி நாட்டில் பிறந்தவர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழைக் கற்றுத் தேர்ந்தார். பாரசீகமும் மராத்தியும் அறிந்திருந்தார். 1762-இல் திருச்சிக்கு வந்தபோது கோட்டைக்குள் தனியே கோயில் இல்லை. அடுத்த சில காலத்தில் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். பெற்றோரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளுக்காக அவர் பணம் திரட்டிப் பள்ளி தொடங்கினார். பின்னரே படையினரும் பிறரும் தந்த நன்கொடையால் இக்கோயில் எழுந்தது. ஆக, இங்கே பள்ளி முந்தியது, கோயில் பிந்தியது. கல்விச் சங்கத்தைச் சார்ந்தவர்களாகிய நாம் இவ்வரிசையைக் குறித்துக்கொள்வது தகும். சுவார்ட்சு 1778-இல் தஞ்சைக்குச் சென்று, 1798-இல் அங்கேயே மறைந்தார்.

கோயிற் பணியாளர் அன்புடன் கதவைத் திறந்துவிட்டார். வெளியே ஆரவாரம், உள்ளே குளிர்ந்த அமைதி. தடித்த சுவர்களும், எளிய பீடமும், வரிசை வரிசையாக இருக்கைகளும் கண்டோம். மாணவர்கள் தத்தமக்கு விருப்பமான இடங்களில் அமர்ந்தனர்.

ஒரு மாணவியின் கேள்வி

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தக் காலத்தில் நம்மவர்கள் இதற்குள் வந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்?" என்று கேட்டாள்.

அக்கேள்வி எம்மை உலுக்கிவிட்டது. நாம் சிறுவனாயிருந்தபோது படித்த ஓர் ஊர்ப் பள்ளியில் (பெயர் கூற வேண்டா) தண்ணீர்ப் பானையின் மீது ஒரு குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மற்றப் பிள்ளைகள் அதனால் மொண்டு குடிப்பர். நாங்கள் இரு கைகளையும் குவித்து நீட்ட, வேறொருவன் உயரத்திலிருந்து ஊற்றுவான். பாதி நீர் முழங்கை வழியே வழிந்து சட்டையை நனைக்கும். நனைந்த சட்டையுடன் கடைசிப் பலகையில் அமர்வோம். யாரும் எங்களை அங்கே அமருமாறு சொன்னதாக நினைவில்லை. சொல்லாமலேயே அமர்ந்தோம் என்பதுதான் இன்றும் எம் நெஞ்சை அறுப்பது. ஆதலால், அம்மாணவியின் கேள்விக்கு விடை கூறுவது எமக்குக் கடமையாயிற்று.

அன்று கூறிய விடையை ஈண்டுச் சற்று விரிவாகத் தருகின்றோம்.

இரவல் நூலும் இராஜநாயக்கனும்

தரங்கம்பாடிக்கு முதல் சீர்திருத்தச் சபைக் குருமாராகிய சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்தது 1706-இல். அங்கு அச்சுக்கூடம் அமைந்து, நற்செய்தி நூல்கள் தமிழில் அச்சேறியது 1714-இல். ஏட்டுச் சுவடியை எல்லோர்க்கும் எட்டாத உயரத்தில் வைத்திருந்த நாட்டில், அச்சுத்தாள் எவர் கைக்கும் வந்து சேரும் பொருளாயிற்று.

அவ்வாறு ஒரு பிரதி, தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சேர்வைக்காரராகப் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பவரின் கைக்கு இரவலாக வந்து சேர்ந்தது. அவர் பறையர் குலத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நூலை ஊன்றிப் படித்தார். தம்முடன் இருந்த வீரர்க்கும் படித்துக்காட்டினார். 1720-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடிச் சபையைச் சேர்ந்து, பின் படைப்பணியைத் துறந்து உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் ஊர் ஊராகச் சென்று சபைகளைக் கட்டியவர் அவரே. ஐரோப்பியக் குருமார் நுழைய முடியாத இடங்களுக்கும் அவர் சென்றார்.

இத்தகையவரைக் குருவாக அருட்பொழிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. 1733-இல் ஆரோன் என்பவர் முதல் தமிழ்க் குருவாகியிருந்தார். அவர் வேளாளர். அடுத்தவரைத் தேரும்போது இராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. அவருடைய அறிவையும் ஒழுக்கத்தையும் எவரும் ஐயுறவில்லை. ஆயினும், அவர் கையால் திருவிருந்து பெறச் சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவர் என்று குருமார் அஞ்சினர். 1741-இல் தியோகு என்பவருக்கே அப்பட்டம் அளிக்கப்பெற்றது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே உழைத்து 1771-இல் மறைந்தார். அவர் மறைந்தபோது இந்தத் திருச்சிக் கோயில் எழுந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நம் மக்கள் பிறர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டவர்கள் மட்டும் அல்லர். தாமே நாடிப் படித்து, தாமே பிறர்க்குக் கற்பித்தவர்கள். இரண்டாவது, தகுதி இருந்தும் இடம் மறுக்கப்படுவது நேற்று இன்று தோன்றியதன்று. தகுதியில்லை என்று எவரும் கூறவில்லை. பிறர் மனம் கோணும் என்றுதான் கூறினர். இன்றும் பல நேர்காணல் அறைகளின் கதவுகளுக்குப் பின்னால் ஒலிப்பது அதே சொல்லன்றோ?

ஹீபரும் வில்சனும்

இருக்கையின் செய்திக்கு வருவோம். தரங்கம்பாடிக் கோயிலில் தொடங்கிய வழக்கம், மேற்சாதியார் ஒரு புறம், நம்மவர் மறு புறம் என்பது. திருவிருந்திலும் அவர்கள் முன்னே, இவர்கள் பின்னே. தஞ்சையிலும் திருச்சியிலும் அதே வழக்கம் நீடித்தது. சுவார்ட்சு நல்லவர், ஏழைகளின்பால் இரக்கமுடையவர். ஆனால் இவ்வழக்கத்தை அவர் ஆணையிட்டு நீக்கவில்லை. அறிவுரையால் காலப்போக்கில் தானே மறையும் என்று நம்பினார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் அது மறையவில்லை. "ஆகவே, அம்மா, ஒரே கூரையின் கீழ்தான் அமர்ந்திருப்பார்கள், ஆனால் ஒரே வரிசையில் அல்ல" என்பதே அம்மாணவிக்கு நாம் தந்த நேர் விடை.

1826-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தென்னாட்டுச் சபைகளைக் காண வந்தார். சாதி வேறுபாட்டை உடனே ஒழிக்க வேண்டும் என்று இளைய குருமார் ஒரு பக்கம் முறையிட, அது உலக வழக்கமே, சமயத்திற்குப் பகையன்று எனத் தஞ்சைச் சாதிக் கிறிஸ்தவர் மறுபக்கம் முறையிட்டனர். சுவார்ட்சின் அன்பில் வளர்ந்த பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் தனி இருக்கை வேண்டும் என்று வாதிட்டோருள் ஒருவர். கல்வியும் கவித்திறனும் மட்டும் ஒருவரைச் சாதியிலிருந்து விடுவித்துவிடா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஹீபர் பொறுமையாக விசாரித்தார். கடுமை வேண்டா என்ற எண்ணமே அவருக்கு இருந்தது. ஏப்ரல் 3-ஆம் நாள் காலை, நாம் அமர்ந்திருந்த இதே கோட்டைக் கோயிலில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் வழங்கினார். பள்ளியைப் பார்வையிட்டார். இருப்பிடம் திரும்பி, குளியல் தொட்டியில் இறங்கியவர் உயிருடன் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 42. சாதிச் சிக்கல் தீராமலே நின்றது.

அடுத்து வந்த பேராயர்களுள் தானியேல் வில்சன் வேறு வகையானவர். 1833-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சபைக்குள் சாதி வேறுபாடு இனி ஒரு நாளும் நீடிக்கலாகாது, இருக்கையிலும் திருவிருந்திலும் எவ்விதப் பிரிவும் கூடாது என்பது அதன் கருத்து. 1834-இல் சென்னை வேப்பேரியில் அது படிக்கப்பட்டபோது பெருந்தொகையானோர் எழுந்து வெளியேறினர். தஞ்சையிலும் பெரும் பிளவு உண்டாயிற்று. வில்சன் 1835-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாமே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்து, தம் ஆணை நடைமுறைக்கு வருவதைக் கண்காணித்தார்.

மாணவர்களே, வெளியேறியவர்கள் யார் என்று சிந்தியுங்கள். கடவுளைக் கைவிட்டுச் சென்றவர் அல்லர். ஒரே வரிசையில் உட்காரும் நிலை வந்ததனால் சென்றவர். உள்ளேயே இருந்தவர்கள் யார்? அவர்களின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு ஏதும் அங்கே எம் கண்ணிற் படவில்லை. ஆனால் அவர்கள் எழுந்து போகாமல் இருந்தனர். பிறர் முகம் சுளிக்க, முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்க, முன்வரிசையில் சென்று அமர்ந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு எத்தனை கடினமாக இருந்திருக்கும்! சுற்றறிக்கை எழுதியவருக்குத் தேவைப்பட்ட துணிவைவிட, அதன்படி அமர்ந்தவர்களுக்குத் தேவைப்பட்ட துணிவு மிகுதி.

இடிந்த சுவரும் இடியாத சுவரும்

ஆணையால் யாவும் நேராகிவிட்டன என்று எண்ணிவிடலாகாது. இது எந்த ஒரு சபைக்கும் எந்த ஒரு சமயத்திற்கும் மட்டுமே உரிய குறையும் அன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், இரு சாதியார் ஒருவரையொருவர் காணாதபடி இரு கால்களாகப் பிரிந்து கட்டப்பட்டது. மக்கள் அதனைக் காற்சட்டைக் கோயில் என்றே அழைத்தனர். அதன் நடுவே நின்ற பிரிவினைச் சுவர் 1910-இல் இடிக்கப்பெற்றது. இதே திருச்சியில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், இறந்தோரையும் சாதியால் பிரித்து நின்ற சுவருக்கு எதிராக 2010-ஆம் ஆண்டளவில் போராட்டம் எழுந்ததை நாளிதழ்களில் படித்தோம். நவாபுகளான பகைவர் இருவர் ஒரே கூரையின் கீழ் உறங்கும் ஊரில், பகையே இல்லாத ஏழைகளுக்கு இடையே சுவர்!

சட்டத்திலும் ஒரு சுவர் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிவாக்கப்பெற்றது. கிறிஸ்தவராகவும் இசுலாமியராகவும் ஆன நம் உறவினர்க்கு அது கிட்டவில்லை. 1985-இல் சூசை என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளிக்கவில்லை. எம்முடன் வந்த பதினால்வரில் இந்துப் பிள்ளைகளும் உண்டு, கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு. ஒரே தெருவில் பிறந்து, ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே வசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். சான்றிதழில் மட்டும் வேறு வேறு. "அப்படியானால் எங்கள் சாதி போய்விட்டதா, ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டார். "ஊரார் போய்விட்டதென்று ஒப்புக்கொண்டால் போயிற்று, தம்பி" என்றோம். அவர்கள் சிரித்தனர். அச்சிரிப்பில் மகிழ்ச்சி மிகுதியில்லை.

நம் பலகை

கோயிலிலிருந்து வெளியே வந்து மேற்கே நடந்தோம். மெயின்கார்டு கேட் என்னும் பழைய கோட்டை வாயில் இன்னும் நிற்கிறது. அதனைச் சூழ்ந்திருந்த மதிலும் அகழியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகற்றப்பட்டுச் சாலைகளாகிவிட்டன. பீரங்கிகளால் தகர்க்க இயலாத மதிலை, நகரம் பெருகியபோது கடப்பாரைகள் தகர்த்தன. லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரத்தையும், 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கு வந்த சூசையப்பர் கல்லூரியையும் பார்த்துவிட்டு, நகரப் பேருந்தில் மத்தியப் பேருந்து நிலையம் நோக்கிச் சென்றோம். கண்டோன்மென்ட் பகுதியில் ஹீபர் அடக்கம் செய்யப்பெற்ற புனித யோவான் ஆலயத்தை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. இருட்டிவிட்டது. மணப்பாறை வழிப் பேருந்தில் ஏறினோம்.

வழியில் ஓர் எண்ணம் எம்மை விடவில்லை. பேராயரின் இறுதி நாளை மணி வாரியாக இன்றும் சொல்ல முடிகிறது. அவர் எப்போது எழுந்தார், எங்கே பேசினார், எந்த நீரில் மூழ்கினார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அன்று காலை அவர்முன் மண்டியிட்ட தமிழர்களின் பெயர்களை நம்மால் சொல்ல முடியவில்லை. இராஜநாயக்கனைப் பற்றி நாம் அறிவதும் ஐரோப்பியர் எழுதிவைத்ததனாலேயே. எழுதியவன் நினைக்கப்படுகிறான், எழுதாதவன் பிறர் எழுத்தில் ஓரமாக நிற்கிறான்.

ஆதலின், வெள்ளிவிழா ஆண்டில் நம் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இச்சங்கம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதன் முதல் கூட்டத்திற்குப் பாய் விரித்தவர் யார், முதல் மாணவர்க்கு விளக்கு வாங்கித் தந்தவர் யார், படிப்பகத்திற்கு இடம் தர மறுத்தவர்க்கு நடுவே இடம் தந்தவர் யார் என்பதை அறிந்த பெரியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆண்டுதோறும் அவர்கள் எண்ணிக்கை குறைகிறது. ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். முதன்முதலில் ஊர்க் கிணற்றில் நீர் எடுத்த பாட்டியிடம் கேளுங்கள். தேநீர்க் கடைப் பலகையில் முதன்முதலில் அமர்ந்த பெரியவரிடம் கேளுங்கள். பெயர், நாள், இடம் மூன்றையும் தவறாது எழுதுங்கள். கேட்டதை மட்டும் எழுதுங்கள், மிகைப்படுத்த வேண்டா. உண்மையே நமக்குப் போதும்.

இன்னொன்றும் உண்டு. அன்று கோயிலுக்குள் நுழைந்தவுடன் நம் பிள்ளைகள் எங்கே அமர்ந்தனர் என்பதை நாம் பின்னர்தான் எண்ணிப் பார்த்தோம். ஒன்பது பேர் கடைசி இரு வரிசைகளில் அமர்ந்திருந்தனர். யாரும் அவர்களுக்கு அவ்விடத்தைக் காட்டவில்லை. ஆனால் கேள்வி கேட்ட மாணவி முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். அடுத்த முறை அழைத்துச் செல்லும்போது பதினால்வரும் முதல் வரிசைகளிலேயே அமர வேண்டும் என்று பேருந்திலேயே கூறிவிட்டோம். பள்ளியிலும், கல்லூரியிலும், அலுவலகத்திலும், மன்றத்திலும் அவ்வாறே அமருங்கள். 1835-இல் பெயர் தெரியாத அம்மக்கள் தேடித் தந்த இடம் அது. அதனை வெறுமையாய் விட்டுவிடாதீர்கள்.

கல்வி வளர்க! நம் சங்கம் பொன்விழாக் காண்க!